வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி:

ஐயா, எனக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். தில்லியில் மத்திய அரசின் இணைப்பு அலுவலகம் ஒன்றில், கொள்முதல் பிரிவில் யூ.டி.சி.யாக (மேல்நிலை எழுத்தராக) இருக்கிறேன். பதினாறு வருட சர்வீஸ். போன மார்ச்சில் ஒரே மாதிரியான கணினி உதிரிப் பொருட்களை, ஒரே வாரத்தில் எட்டு ஆர்டராகப் பிரித்து, ஒரே கடைக்காரரிடம் வாங்கியிருந்தார்கள். பில் பாஸ் செய்யும் கோப்பு என்னிடம் வந்தபோது, பிரித்து வாங்கியதாகத் தெரிகிறது என்று நோட் எழுதி அனுப்பினேன். பிரிவு அதிகாரி கூப்பிட்டு மாற்றி எழுதச் சொன்னார். மறுத்தேன். கொஞ்ச நாளில் அதே பில்கள் வேறு கோப்பில், வேறொருவர் நோட்டுடன் பாஸ் ஆகிவிட்டன. பெயர் போட்டு, கையெழுத்துடன் இயக்குநருக்குப் புகார் கொடுத்தேன். அவருடைய பி.ஏ. வாங்கி வைத்துக்கொண்டார், டைரி நம்பர், அதாவது தபால் பதிவு எண், கேட்டதற்கு 'அப்புறம் பார்க்கலாம்' என்றார். முந்தைய இரண்டு வருடக் கோப்புகளிலும் இதே முறை தெரிகிறது. அதை நான் புகாரில் எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து எங்கள் துணை இயக்குநர் அறைக்கு அழைத்தார். தமிழர், எங்கள் மாவட்டத்துக்காரர். காபி வரவழைத்துக் கொடுத்து, 'தம்பி, நமக்கெதுக்கு இந்த வம்பு, இதில் ஒரு கையெழுத்துப் போட்டுடு, மத்ததை நான் பார்த்துக்கிறேன்' என்று டைப் செய்த தாள் ஒன்றைத் தந்தார். திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் குவாஹாட்டி பிராந்திய அலுவலகம் என்று சூசகமாகச் சொன்னார். மகள் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. 'ரோடு போட்ட இன்ஜினியரைக் கொன்னுட்டாங்களே' என்று மனைவி அழுகிறாள். கோப்புகளை நகல் எடுத்துப் பத்திரிகைக்காரரிடம் கொடுத்துவிடலாமா? மைத்துனருக்கு ஒரு எம்.பி.யைத் தெரியும், அவரைப் பேசச் சொல்லலாமா?

பெயர் வேண்டாம், ஆர்.கே. புரம்

பதில்:

கையெழுத்துப் போடாதீர்கள். திங்கட்கிழமைக்குள் உங்களுக்குத் தெரிய வேண்டியது இது ஒன்றுதான். மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

அந்தத் தாளின் வாசகத்தை நீங்கள் அப்படியே எழுதி அனுப்பியிருந்தீர்கள்: 'போதிய விவரம் அறியாமல், தவறான புரிதலின் பேரில் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.' உங்களிடம் இதை வாபஸ் கடிதம் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஒப்புதல் வாக்குமூலமாகத் தெரிகிறது. விவரம் தெரியாமல் மேலதிகாரிகள் மீது குற்றம் சாட்டினேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 3ஆம் விதியைக் காட்டி சார்ஜ் மெமோ கொடுக்க வேறு சாட்சி தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் கையேட்டைப் பாருங்கள். ஆணையத்தில் பதிவாகி நடவடிக்கை தொடங்கிய புகாரைக் கொடுத்தவரே திரும்பக் கேட்டாலும் நிறுத்த முடியாது, முடிவு வரை கொண்டுபோக வேண்டும் என்கிறது. அப்படியிருக்க உங்களிடம் இவ்வளவு அவசரமாகக் கேட்கிறார்கள் என்றால், உங்கள் புகார் இன்னும் எங்குமே பதிவாகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

துணை இயக்குநரைப் பற்றி. மேலே இருப்பது சுருக்கம். உங்கள் முழுக் கடிதத்தில் மூன்று இடத்தில் அவரை 'நல்ல மனுஷன்' என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். தில்லி அலுவலகங்களில் நம் ஆட்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. காலையிலிருந்து இந்தியிலேயே மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனிடம் ஒருவர் 'என்ன தம்பி, சாப்டாச்சா' என்றால் கரைந்துபோவான். மலை மந்திர் முருகன் கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிட்டவர், ஊரிலிருந்து வரும்போது நம் வீட்டுக்கும் முறுக்கு வாங்கி வந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். பிரிவு அதிகாரியிடம் முகத்துக்கு நேராக மறுத்த நீங்கள் இவரிடம் மட்டும் தயங்குகிறீர்கள். இந்தக் கணக்கைப் போட்டுத்தான் இவரை அனுப்பியிருப்பார்கள். அவர் மனசு எப்படிப்பட்டது என்ற ஆராய்ச்சியை விடுங்கள். அந்த எட்டு ஆர்டர்களில் எதிலாவது ஒப்புதல் கையெழுத்து அவருடையதா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

வக்கீல் ஆவதற்கு முன்னால் பதினொரு வருடம் ஓர் அமைச்சகத்தின் விஜிலென்ஸ் பிரிவில் உட்கார்ந்தவன் நான். அத்தனை வருடத்தில் யாரும் புகாரைக் கிழித்துப் போட்டு நான் பார்த்ததில்லை. கிழிக்க வேண்டிய அவசியமே வராது. முதல் வழி, உங்களுக்கு நடந்ததுதான்: தபால் பிரிவுக்குப் போகாமல் பி.ஏ. கையில் தங்கிவிடும். டைரி நம்பர் இல்லாத தாளும் தெருவில் கிடக்கும் தாளும் அரசாங்கத்துக்கு ஒன்றுதான். தப்பித் தவறி நம்பர் விழுந்துவிட்டால் அடுத்த வழி, கோப்பின் ஓரத்தில் 'ப்ளீஸ் ஸ்பீக்' என்று எழுதிக் கீழே தள்ளிவிடுவது. பேசுவார்கள். என்ன பேசினார்கள் என்று யாரும் எழுத மாட்டார்கள். கோப்பு தூங்கிவிடும். மூன்றாவது வழி கொஞ்சம் நாகரிகமானது: சம்பந்தப்பட்ட பிரிவின் கருத்துக்கு அனுப்புவது. சம்பந்தப்பட்ட பிரிவு என்பது யார் மீது புகாரோ அவருடைய பிரிவு. 'குற்றச்சாட்டு ஆதாரமற்றது' என்று அவர் நாலு வரி எழுதுவார், 'மேற்கண்ட கருத்தின் அடிப்படையில் முடித்து வைக்கலாம்' என்று மேலே கையெழுத்தாகும். ஒரு அதிகாரி ஓய்வு பெற்ற அன்று, அவர் மேசையைக் காலி செய்தபோது கடைசி இழுப்பறையில் ஒரு தீபாவளி மிட்டாய் டப்பா. உள்ளே நாலு வருடத்துப் புகார்கள், மடிப்புக் கலையாமல். ஒன்றில்கூட நம்பர் இல்லை.

நான்காவது வழி புகார் கொடுத்தவன் பக்கம் திரும்புவது. அவனுடைய வருகைப் பதிவு, எடுத்த லீவு, மூன்று வருடத்துக்கு முன் கன்னியாகுமரி போய்வந்த எல்.டி.சி. (விடுப்புப் பயணச் சலுகை) பில் எல்லாம் திடீரென்று முக்கியமாகிவிடும். ஆகவே இன்று முதல் பயோமெட்ரிக்கில் ஒரு நிமிடம்கூடத் தாமதம் வேண்டாம். பழைய பில்களில் ஏதாவது இடறல் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

உங்கள் வேலை, நடப்பதையெல்லாம் காகிதத்துக்குக் கொண்டுவருவது. இதில் அதிர்ஷ்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. ஈ-ஆபீஸ் என்ற கணினிக் கோப்பு முறையில் மஞ்சள் நோட்டு வெறும் வரைவு, மாற்றலாம், நீக்கலாம். பச்சையாகி அனுப்பிவிட்டால் அப்படிச் செய்ய முடியாது. நீங்கள் 'எழுதி அனுப்பினேன்' என்கிறீர்கள். உங்கள் நோட்டை நீக்க வழியில்லாமல்தான் வேறு கோப்பு திறந்திருப்பார்கள். ஒரே பில்லுக்கு இரண்டு கோப்பு என்பதே விசாரிக்க வருகிறவருக்கு முதல் நூல்முனை. இரண்டு கோப்பு எண்களையும், நோட்டின் பத்தி எண்ணையும், தேதியையும் இன்று இரவே வீட்டு டைரியில் எழுதி வையுங்கள்.

திங்கட்கிழமை அவர் அறையில் சண்டை போட வேண்டாம். 'சார், வீட்டில் பேசினோம். கையெழுத்துப் போட மனசு வரவில்லை. திரும்பப் பெறச் சொல்லி அலுவலகம் எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தருகிறேன்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அன்று மாலைக்குள் அலுவலக மின்னஞ்சலிலிருந்து அவருக்கு மூன்று வரி அனுப்புங்கள்: இன்ன தேதி, இன்ன நேரம் தங்கள் அறையில் புகாரைத் திரும்பப் பெறுமாறு கூறப்பட்டது, நான் இயலாது என்றேன், தகவலுக்காக. மிரட்டல், சதி, ஊழல் போன்ற சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். டி.எஸ்.ஆர். சுப்ரமணியன் என்ற முன்னாள் கேபினட் செயலாளரும் இன்னும் பல ஓய்வு பெற்ற அதிகாரிகளும் போட்ட வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், வாய்மொழி உத்தரவுகளை வைத்து அதிகாரிகள் செயல்படக் கூடாது, அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அவரும் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெயர் மாதிரிதான் கேட்கிறது, துணை இயக்குநருக்குப் பிடிக்கும்.

அப்புறம், இயக்குநருக்குக் கொடுத்த புகாரின் நகலுடன் ஒரு நினைவூட்டல் கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அலுவலகம் நாலு கிலோமீட்டரில் இருந்தாலும் ஸ்பீட் போஸ்டில்தான். ரசீதும், சேர்ந்துவிட்டது என்று இணையத்தில் வரும் பக்கமும் உங்கள் டைரி நம்பர். சில வாரம் கழித்து, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் புகார் மீது எடுத்த நடவடிக்கையையும் கோப்புக் குறிப்புகளின் நகலையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். 8(1)(எச்) பிரிவைக் காட்டி, விசாரணை பாதிக்கும் என்று மறுத்தால் வருத்தப்படாதீர்கள். விசாரணை நடக்கிறது என்று அவர்களே எழுதிக் கொடுத்த முதல் காகிதம் அது.

இனி ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குப் போவது. உங்கள் மனைவி நினைப்பது சத்யேந்திர துபேயை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் ஜார்க்கண்டில் பொறியாளர். ஒப்பந்தங்களில் நடக்கும் முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியபோது, தன் பெயரை வெளியே விட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அதிகாலை கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காக நடந்த கொலை என்றுதான் சி.பி.ஐ. வழக்கு முடிந்தது, 2010இல் மூன்று பேருக்குத் தண்டனை. ஆனால் பெயர் கசிந்தது பற்றி நாடு முழுக்க எழுந்த கோபத்தில், உச்ச நீதிமன்றமும் கேட்ட பிறகு, 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. பொதுநலன் கருதித் தகவல் தருவோரைப் பாதுகாக்கும் தீர்மானம்; தில்லி அலுவலகங்களில் அதை ஆங்கில முதலெழுத்துகளில் பி.ஐ.டி.பி.ஐ. (PIDPI) என்பார்கள். பெயரை மறைத்துப் புகாரை விசாரிக்கும் பொறுப்பு ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு. மனைவியிடம் துபேயின் கதையை மறைக்காமல் சொல்லுங்கள். அது பல கோடி ரூபாய் சாலை ஒப்பந்தக்காரர்களின் உலகம், உங்களுடையது பொருள் வாங்கும் பிரிவின் எட்டு பில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிலர் உங்களிடம், முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அந்த வருடம் மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பைத்தான் அரசு வெளியிடவே இல்லை. உங்கள் கடிதத்தில் அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டுவிடாதீர்கள். கைவசம் இருப்பது பழைய தீர்மானம்தான்.

உங்களுக்கு ஒரு சிக்கல். மார்ச் மாத எட்டு பில்லைப் பற்றி நீங்கள் ஏற்கனவே வெளிப்படையாக எழுதிவிட்டீர்கள். வேறிடத்தில் கொடுத்து பெயர் தெரிந்துவிட்ட விஷயத்தை ஆணையம் ரகசியப் புகாராக எடுக்காமல் சாதாரணப் புகாராக நடத்தக்கூடும். அதனால் அதை ஆணையத்தின் இணையதளத்தில் சாதாரணப் புகாராகவே பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய இரண்டு வருடக் கோப்புகள் வேறு கதை. அதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு ரகசிய வழி திறந்திருக்கிறது.

மூடி ஒட்டிய கவர். மேலே ஆங்கிலத்தில் PIDPI என்ற அந்த ஐந்து எழுத்து. பெறுநர், ஆணையத்தின் செயலாளர், சதர்க்தா பவன், ஜி.பி.ஓ. காம்ப்ளெக்ஸ், ஐ.என்.ஏ., புது தில்லி 110023. முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்க நாம் போகும் அதே ஐ.என்.ஏ.தான்; போகிற போக்கில் நேரில் கொடுத்துவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். கவரின் மேல் உங்கள் பெயரோ முகவரியோ கூடாது. தபால் கவுண்டரில் அனுப்புநர் முகவரி கேட்டால், இந்த வகைக் கவருக்குக் கேட்கக் கூடாது என்று அஞ்சல் துறையே சொல்லியிருப்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பெயரும் முகவரியும் கவருக்குள்ளே, தனித் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும். மொட்டைக் கடிதாசி போட்டால் அங்கே எடுக்க மாட்டார்கள்.

புகாரின் உடலில் உங்களைக் காட்டிக்கொடுக்கும் வரி வராமல் பாருங்கள். 'நான் நோட் எழுதியபோது', 'என்னிடம் கோப்பு வந்தபோது' என்று எழுதினால் பெயரை மறைத்து என்ன பயன்? ஆர்டர் எண், தேதி, தொகை, கடைக்காரர். 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 157ஆம் விதி, டெண்டரையோ மேலிட அனுமதியையோ தவிர்ப்பதற்காகத் தேவையைத் துண்டு துண்டாகப் பிரித்து வாங்குவதைத் தடுக்கிறது, அதைக் குறிப்பிடுங்கள். கமிஷன் கைமாறியது என்று எழுதாதீர்கள், நீங்கள் பார்க்கவில்லை. இந்த ஒரு இடத்தில்தான் நேர்மையான ஆட்கள் பலர் சறுக்குகிறார்கள். கோபத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதிவிடுவார்கள், எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் பொய் என்று சொல்லிவிடும். பெறுநர் ஒருவர்தான், யாருக்கும் நகல் போடக் கூடாது. பெற்றுக்கொண்டோம் என்று ரசீது வராது. கொடுத்தது நீங்கள்தானா என்று உறுதி கேட்டு வீட்டுக்குக் கடிதம் வரும், அதற்கு முப்பது நாளுக்குள் பதில் போட்டுவிடுங்கள். இந்த ரகசியப் புகாரைப் பற்றித் தகவல் உரிமையில் மறந்தும் கேட்காதீர்கள்.

அலுவலகத்தில் உங்களைத்தான் சந்தேகிப்பார்கள் என்பது உண்மை. சந்தேகப்படட்டும், கோப்பில் பெயர் இருக்காது. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குகிறார்கள் என்றால் ஆணையத்திடமே முறையிடவும் தீர்மானத்தில் இடம் இருக்கிறது. அதன் வேகத்தைப் பற்றி உங்களுக்குப் பெரிய நம்பிக்கை கொடுக்க என்னால் முடியாது.

பத்திரிகை இப்போது வேண்டாம். கோப்பு நகல் உங்களிடமிருந்து போனது என்று தெரிந்தால் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 11ஆம் விதி போதும். பிரித்து வாங்கிய கதை மறைந்து, நகல் திருடிய கதை முன்னே வந்துவிடும். கோப்பை வீட்டுக்குக் கொண்டுபோவது, போனில் படமெடுத்து நண்பருக்கு அனுப்புவது எதுவும் கூடாது. எண்கள் உங்கள் டைரியில் இருந்தால் கோப்பை வரவழைக்கும் அதிகாரம் விசாரிக்கிறவருக்கு இருக்கிறது. எம்.பி.யும் வேண்டாம். சொந்த சர்வீஸ் விஷயத்துக்கு அரசியல் செல்வாக்கைக் கொண்டுவருவது 20ஆம் விதிப்படி தவறு. மைத்துனர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. லோக்பால் என்று ஒரு வாசல் இருக்கிறது. பிரமாணப் பத்திரத்தோடு போக வேண்டும், இப்போதைக்குத் தேவையில்லை.

குவாஹாட்டி. வரலாம். மாற்றல் என்பது சர்வீஸின் ஒரு பகுதி என்று சொல்லி நீதிமன்றங்கள் பெரும்பாலும் தலையிடாது. ஆனால் தண்டனைக்குப் பதிலாக மாற்றல் போட்டால் அது நிற்காது என்று சோமேஷ் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிள்ளைகள் படிப்பின் நடுவில் மாற்றுவதைப் பற்றி நம் தமிழ்நாட்டு வழக்கே ஒன்று உண்டு: 1994இல், பள்ளிக் கல்வி இயக்குநருக்கும் கருப்பத் தேவன் என்பவருக்கும் இடையில். அவசரத் தேவை இல்லாதபோது குழந்தைகளின் படிப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றார்கள். மாற்றலுக்குக் காரணம் புகார்தான் என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது தேதிகள். புகார் இன்ன தேதி, காபி இன்ன தேதி, மின்னஞ்சல் இன்ன தேதி, ஆணை இன்ன தேதி. மேலே அவ்வளவு காகிதம் சேர்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

ஆணை வந்தால் வாங்க மறுக்காதீர்கள். உடனே மருத்துவ விடுப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும் பழைய தந்திரத்தையும் செய்யாதீர்கள், அரசு ஊழியர் வழக்குகளைப் பார்க்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் அது உங்களைத்தான் குற்றவாளியாகக் காட்டும். அன்றே ஒரு முறையீடு கொடுத்துவிட்டு, ரிலீவ் ஆவதற்குள் அந்தத் தீர்ப்பாயத்துக்கு வாருங்கள். மனுக் கட்டணம் ஐம்பது ரூபாய். வக்கீல் கட்டணம் வேறு, அதை மறைக்க விரும்பவில்லை. தடை கிடைக்காமல் போகவும் கூடும். அப்படியானால் மகளும் மனைவியும் படிப்பு முடியும்வரை இங்கே, நீங்கள் அங்கே என்று ஒரு ஏற்பாட்டை இப்போதே வீட்டில் பேசி வையுங்கள். குவார்ட்டர்ஸை எத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று எஸ்டேட் அலுவலகத்தில் விசாரியுங்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் மனைவியின் பயம் பாதியாவது குறையும்.

கடைசியாக அந்தத் தாள். டைப் செய்து அவர் தந்தது. அதில் எதுவும் எழுதாதீர்கள், மடிக்காதீர்கள். ஒரு கவரில் போட்டு, கவரின் மேல் கிடைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி, பீரோவில் வையுங்கள். நீங்கள் மறுத்ததும் அவருக்கு அது ஞாபகம் வரும். 'அந்தப் பேப்பரைக் குடுத்துடு தம்பி' என்பார். வீட்டில் இருக்கிறது சார் என்று சொல்லுங்கள்.